அளந்து அறிந்த அறிஞர் மைக்கேல் ஃபாரடே

மின்சார மோட்டாருக்கும் மின்னாக்கிக்கும் அடித்தளம் இட்டவர் என்று மைக்கேல் ஃபாரடேயை உலகம் போற்றுகிறது. அப்புகழின் ஒளியில் அவருடைய வேறு இரண்டு செயல்கள் அதிகம் பேசப்படாமல் போய்விட்டன. நீரினுள் மின்சாரத்தைச் செலுத்தினால் எவ்வளவு வாயு பிரியும் என்பதை அளந்து விதியாக வகுத்தது ஒன்று. கழிவுநீரால் நாறிக் கிடந்த தேம்ஸ் ஆற்றின் நிலையை நாடறியச் செய்தது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று அவர் காலத்தில் எவரும் எண்ணவில்லை. இன்றோ, கழிவுநீரிலிருந்து எரிபொருள் எடுக்க முயலும் ஆய்வுக்கூடங்களில் இரண்டும் ஒன்று சேர்ந்திருக்கின்றன.

வறுமையில் தொடங்கிய வாழ்க்கை

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஜேம்ஸ் என்னும் கொல்லர் அவருடைய தந்தை. அவர் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் குடும்பத்தில் வறுமை நிலைத்துவிட்டது. உணவுப் பொருள்களின் விலை ஏறிய 1801ஆம் ஆண்டில், ஒரு முழு ரொட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்ட வேண்டிய நிலை சிறுவன் ஃபாரடேக்கு ஏற்பட்டது. எழுத்தும் வாசிப்பும் சிறிதளவு கணக்கும் தவிர வேறு எதையும் அவர் பள்ளியில் கற்கவில்லை.

13ஆம் வயதில், ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் அவர் ஏவலாளாகச் சேர்ந்தார். வீடு வீடாகச் செய்தித்தாள் கொடுத்துவிட்டு, பின்னர் அவற்றைத் திரும்ப வாங்கி வருவதே அவருடைய முதல் வேலை. மறு ஆண்டே ரீபோ அவரைப் புத்தகம் கட்டும் தொழிலில் பழகுநராகச் சேர்த்துக்கொண்டார். ஏழு ஆண்டுகள் அங்கே பணி. பகலில் நூல்களைத் தைத்து அட்டை கட்டிய அந்த இளைஞர், வேலை முடிந்ததும் அவற்றையே படித்தார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றி இருந்த கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் வேதியியலைப் பற்றி எளிய உரையாடல் வடிவில் எழுதிய நூலும் அவரைப் பெரிதும் கவர்ந்தன.

படித்ததை அப்படியே ஏற்றுக்கொள்வது அவர் வழக்கமன்று. செய்து பார்த்த பின்னரே நம்புவார். 1812ஆம் ஆண்டில் ஏழு அரைப்பென்னிச் செப்புக் காசுகளையும், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாகத் தகடுகளையும், உப்புநீரில் நனைத்த ஆறு தாள் துண்டுகளையும் அடுக்கி ஒரு சிறிய மின்கல அடுக்கைச் செய்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் வந்த கம்பிகளை எப்சம் உப்புக் கரைசலில் வைத்தபோது அந்த உப்பு சிதைந்து பிரிந்தது. தொட்டி நீரில் கம்பிகளை வைத்தபோது குமிழ்கள் விரைந்து எழுந்தன. நீரே பிரிந்துவிட்டது என்று முதலில் மகிழ்ந்த அவர், பின்னர் அம்முடிவு அவசரமானதோ என்று தாமே ஐயுற்றார். புத்தகக் கடைப் பழகுநராக இருந்தபோதே, தாம் விரும்பிய முடிவையும் சந்தேகிக்கும் துணிவு அவரிடம் இருந்தது.

ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்தது

அதே ஆண்டு, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, இராயல் கழகத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றவிருந்த சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுகள் கொடுத்தார். டேவி அக்காலத்தில் புகழின் உச்சியில் இருந்த வேதியியல் அறிஞர். உருகிய காரங்களில் மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியம், சோடியம் ஆகிய தனிமங்களை 1807ஆம் ஆண்டில் பிரித்தெடுத்தவர் அவரே. ஃபாரடே அச்சொற்பொழிவுகளைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். பின்னர் அக்குறிப்புகளைப் படங்களுடன் விரிவாக எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி, வேலை கேட்டு டேவிக்கு அனுப்பி வைத்தார்.

டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் காலியிடம் இல்லை என்றும், கைத்தொழிலைக் கைவிட வேண்டாம் என்றும் அறிவுரை கூறினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் பணியிலிருந்து நீக்கப்பட, டேவிக்கு ஃபாரடேயின் நினைவு வந்தது. 1813ஆம் ஆண்டு மார்ச் மாதம், வாரத்திற்கு 25 ஷில்லிங் சம்பளத்தில் ஃபாரடே இராயல் கழகத்தில் சேர்ந்தார். மாடியில் தங்க இரண்டு அறைகள் கிடைத்தன. வாழ்நாளின் பெரும்பகுதியை அவர் அக்கட்டடத்திலேயே கழித்தார்.

அவ்வாண்டின் இறுதியில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். பயணத்தில் உதவியாளர் வேலையோடு பணியாள் வேலையும் அவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரைச் சமமாக நடத்தவில்லை. மனம் புண்பட்டபோதும் கற்கும் வாய்ப்பை அவர் விட்டுவிடவில்லை. இத்தாலியில் மின்கல அடுக்கைக் கண்டுபிடித்த அலெசான்ட்ரோ வோல்டாவை நேரில் கண்டார். அந்த வோல்டாவே, பல ஆண்டுகளுக்கு முன் 1776ஆம் ஆண்டில், மாஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி, மேலெழுந்த வாயுவைச் சேகரித்து, அது எரியும் தன்மையுடையது என்று காட்டியவர். அழுகும் பொருளிலிருந்து எரிபொருள் எழும் என்னும் உண்மையும், மின்சாரத்தைத் தொடர்ந்து தரும் கருவியும் ஒரே மனிதரின் கைவழி வந்தது வியப்புக்குரியது.

நீரைப் பிரித்தார், மின்சாரத்தை அளந்தார்

இங்கிலாந்துக்குத் திரும்பிய பின் ஃபாரடேயின் கண்டுபிடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. 1821ஆம் ஆண்டில், மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். இன்றைய மின் மோட்டாரின் வித்து அதுதான். 1825ஆம் ஆண்டில் பென்சீன் என்னும் சேர்மத்தைக் கண்டறிந்தார். 1831ஆம் ஆண்டில், மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்பதைக் காட்டினார். இன்று மின் நிலையங்களில் சுழலும் மின்னாக்கிகள் எல்லாம் அந்தத் தத்துவத்தையே பின்பற்றுகின்றன.

அடுத்து அவர் எடுத்துக்கொண்ட பணி நீரையும் கரைசல்களையும் பற்றியது. மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும் என்பது புதிய செய்தியன்று. 1800ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அதைச் செய்து காட்டியிருந்தனர். ஆயினும் எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு வாயு கிடைக்கும் என்பதை எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மின்தகடு பெரியதாக இருந்தால் அதிக வாயு வருமா? அமிலத்தின் செறிவைக் கூட்டினால் மாறுமா? இக்கேள்விகளை ஃபாரடே ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிறிய தகடு, பெரிய தகடு, செறிந்த கரைசல், நீர்த்த கரைசல் எனப் பல கலன்களை ஒரே மின்சுற்றில் வரிசையாக இணைத்து, ஒவ்வொன்றிலும் வெளிவந்த வாயுவை அளந்தார். ஒரே அளவு மின்சாரம் பாய்ந்த கலன்கள் அனைத்திலும் கிடைத்த வாயுவின் அளவும் ஒன்றாகவே இருந்தது.

இதிலிருந்து 1833, 1834ஆம் ஆண்டுகளில் மின்னாற்பகுப்பு விதிகளை அவர் வெளியிட்டார். மின்வாயில் பிரியும் பொருளின் அளவு, கரைசலின் வழியே பாய்ந்த மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது என்பது முதல் விதி. ஒரே அளவு மின்சாரம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் வேதியியல் சமான எடைகளின் விகிதத்தில் பிரிக்கும் என்பது இரண்டாம் விதி. இப்புதிய துறைக்குச் சொற்களும் தேவைப்பட்டன. கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெலின் துணையோடு அவர் ஆக்கித் தந்த கலைச்சொற்களையே இன்று நாம் மின்வாய், நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என்று தமிழில் வழங்குகிறோம்.

இவ்விதியின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 9 கிலோகிராம் நீரைப் பிரித்தால் 1 கிலோகிராம் ஹைட்ரஜனும் 8 கிலோகிராம் ஆக்சிஜனும் கிடைக்கும். அந்த 1 கிலோகிராம் ஹைட்ரஜனைப் பெற, ஒரு கலனில் 1,000 ஆம்பியர் மின்னோட்டம் ஏறத்தாழ இருபத்தாறரை மணி நேரம் பாய வேண்டும். மின்சாரம் சிறிதும் வீணாகாவிட்டால் கிடைக்கக்கூடிய கணக்கு இது. எத்தனை பெரிய ஆலை கட்டினாலும் இக்கணக்கை ஏமாற்ற முடியாது.

1842ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்னும் அறிஞர் ஃபாரடேக்கு ஒரு செய்தி எழுதினார். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மீண்டும் சேரச் செய்து மின்சாரம் பெறும் கருவி ஒன்றைத் தாம் அமைத்துவிட்டதாக அவர் தெரிவித்தார். எரிபொருள் மின்கலத்தின் தொடக்கம் அது. மின்சாரம் நீரை எரிபொருளாக்கும். அந்த எரிபொருள் மீண்டும் மின்சாரமும் நீரும் ஆகும் என்னும் சுழற்சி, ஃபாரடேயின் வாழ்நாளிலேயே கண்டறியப்பட்டுவிட்டது.

தேம்ஸ் ஆற்றில் வெள்ளை அட்டைகள்

ஃபாரடே நீரின் இயல்பை ஆராய்ந்த அதே நகரில், மக்கள் பருகிய நீர் நஞ்சாகிக்கொண்டிருந்தது. இலண்டனின் மக்கள் தொகை விரைந்து பெருகியது. வீடுகளில் நீர்க்கழிப்பறைகள் பரவின. அவற்றின் கழிவும், இறைச்சிக் கூடங்கள், தோல் பதனிடும் கூடங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கழிவும் சாக்கடைகளின் வழியே தேம்ஸ் ஆற்றில் கலந்தன. அந்த ஆற்றிலிருந்தே குடிநீரும் எடுக்கப்பட்டது. 1853, 1854ஆம் ஆண்டுகளில் பரவிய காலரா நோயால் இலண்டனில் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அசுத்த நீரே காலராவைப் பரப்புகிறது என்று ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் சான்றுகளுடன் கூறியபோதும் அதிகாரிகளில் பலர் அதை ஏற்கவில்லை.

1855ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஃபாரடே நீராவிப் படகில் தேம்ஸ் ஆற்றின் வழியே சென்றார். அப்போது அவருக்கு வயது 63. ஆற்றின் நிறமும் நாற்றமும் அவரைத் திடுக்கிட வைத்தன. ஆறு அழுக்காக இருக்கிறது என்று முகம் சுளித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. சில வெள்ளை அட்டைகளைத் துண்டு துண்டாகக் கிழித்தார். அவை எளிதில் மூழ்குமாறு நீரில் நனைத்தார். படகு நின்ற ஒவ்வொரு துறையிலும் சில துண்டுகளை ஆற்றில் போட்டார். அன்று நல்ல வெயில். இருந்தும் அத்துண்டுகள் நீர்மட்டத்திலிருந்து ஓர் அங்குலம் கூட இறங்குவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. செங்குத்தாக விழுந்த துண்டுகளின் மேல்பகுதி நீருக்குள் இறங்கும் முன்னரே கீழ்ப்பகுதி மறைந்துபோனது.

இந்தச் சோதனையைப் பற்றி அவர் டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். தாம் கண்டதை மிகைப்படுத்தாமல் எழுதினார். ஆறு முழுவதும் ஒளி ஊடுருவாத பழுப்பு நிறத் திரவமாக இருப்பதையும், தெருச் சாக்கடைகளின் நாற்றமே ஆற்றிலும் வீசுவதையும் குறிப்பிட்டார். இந்நிலையைப் புறக்கணித்தால், வெயில் கடுமையாகும் ஒரு கோடையில் அதன் விளைவை அனுபவிக்க நேரிடும் என்றும் எச்சரித்தார். அவர் கடிதத்தைப் படித்த நாடு சிந்திக்கத் தொடங்கியது. பஞ்ச் என்னும் இதழ், மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஃபாரடே, அழுக்கு படிந்த ஆற்றுத் தேவனிடம் அட்டையை நீட்டுவதுபோல் கேலிச்சித்திரம் வெளியிட்டது.

ஆயினும் அரசு உடனடியாகச் செயல்படவில்லை. மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1858ஆம் ஆண்டுக் கோடையில் வெயில் கொளுத்தியது. ஆற்றிலிருந்து எழுந்த நாற்றம் தாங்க முடியாததாயிற்று. ஆற்றங்கரையில் இருந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் திரைச்சீலைகளை நாற்றம் நீக்கும் சுண்ணக் கலவையில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் அமர முடியவில்லை. ஃபாரடே எச்சரித்தது அப்படியே நடந்தது. ஏழைகளின் குடியிருப்புகளில் நோய் பரவியபோது அசையாத சட்டமன்றம், நாற்றம் தன் சாளரத்துக்குள் நுழைந்ததும் சில வாரங்களிலேயே சட்டம் இயற்றியது.

ஜோசப் பாசல்ஜெட் என்னும் பொறியாளரின் தலைமையில் இலண்டன் முழுவதும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்கள் கட்டப்பட்டன. அவை கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்று, கடல் நோக்கி நீர் வடியும் வேளையில் ஆற்றில் விட்டன. இத்திட்டத்தோடு இணைக்கப்படாதிருந்த கிழக்குப் பகுதியில் 1866ஆம் ஆண்டில் மீண்டும் ஒருமுறை காலரா தாக்கியது. பணி நிறைவேறிய பிறகு இலண்டன் அந்நோயிலிருந்து விடுபட்டது. எத்தனையோ உயிர்களைக் காத்த பெரும்பணி அது. எனினும் கழிவு நகரைவிட்டு அகற்றப்பட்டதே தவிர, பயனுள்ள பொருளாக மாற்றப்படவில்லை.

எளிமையும் கொள்கை உறுதியும்

புகழ் வளர்ந்தபோதும் ஃபாரடேயின் வாழ்க்கை முறை மாறவில்லை. 1821ஆம் ஆண்டில் சாரா பர்னார்டை மணந்தார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பிள்ளைகளிடம் பேரன்பு கொண்ட அவர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்காகப் பல ஆண்டுகள் அறிவியல் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஒரு மெழுகுவத்தி எரிவதை விளக்கும் அவருடைய சொற்பொழிவுத் தொடர் பின்னர் நூலாகவும் வெளிவந்தது. அத்தொடரில், மெழுகுவத்தி எரியும்போது நீர் உண்டாவதைக் காட்டிய அவர், மின்சாரத்தால் அந்நீரையே பிரித்து ஹைட்ரஜனைப் பெற்றும் காட்டினார்.

நிறுவனங்களுக்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஆய்வுக்கு நேரம் வேண்டும் என்பதற்காக அவ்வருவாயை விட்டுக்கொடுத்தார். அதே வேளையில், கலங்கரை விளக்கங்களை மேம்படுத்துதல், நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்தின் காரணத்தை ஆராய்தல் போன்ற பொதுநலப் பணிகளை ஏற்றுக்கொண்டார். கிரிமியப் போரின்போது நச்சு வாயு ஆயுதம் தயாரிக்க உதவுமாறு அரசு கேட்டபோது மறுத்துவிட்டார். அரசு தர முன்வந்த சர் பட்டத்தையும், இராயல் சங்கத்தின் தலைவர் பதவியையும் அவர் ஏற்கவில்லை. பின்னாளில் நினைவாற்றல் குன்றி அவதியுற்ற அவருக்கு, விக்டோரியா மகாராணி ஹாம்ப்டன் கோர்ட்டில் ஒரு வீட்டை அளித்தார். அங்கே 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அவர் உயிர்நீத்தார்.

கழிவுநீரில் கிடைக்கும் எரிபொருள்

ஃபாரடே மறைந்து 44 ஆண்டுகளுக்குப் பின், 1911ஆம் ஆண்டில், டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பாட்டர் என்னும் தாவரவியல் பேராசிரியர், நுண்ணுயிர்கள் உணவைச் சிதைக்கும்போது மின்சாரம் தோன்றுவதை எடுத்துக்காட்டினார். அக்கருத்து நெடுங்காலம் ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்தது. 2005ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் நெதர்லாந்திலும் இருந்த ஆய்வாளர்கள் அதை மேலும் ஒரு படி கொண்டு சென்றனர். கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜனைப் பெறும் நுண்ணுயிர் மின்னாற்பகுப்புக் கலன் அவ்வாறு உருவானது.

அது இயங்கும் முறை எளிதில் விளங்கக்கூடியது. கழிவுநீரில் உணவுத் துணுக்கு, மலம் போன்ற கரிமப் பொருள்கள் நிறைந்துள்ளன. கலனின் நேர்மின்வாயில் படிந்து வாழும் சிலவகைப் பாக்டீரியாக்கள் அவற்றை உணவாகக் கொள்கின்றன. அவ்வாறு உண்ணும்போது எலக்ட்ரான்களை மின்வாய்க்குக் கொடுக்கின்றன. ஹைட்ரஜன் அயனிகள் நீரில் கலக்கின்றன. எலக்ட்ரான்கள் கம்பி வழியே எதிர்மின்வாயை அடைந்து, அங்கே அயனிகளுடன் சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகின்றன. இதற்கு வெளியிலிருந்து சிறிதளவு மின்னழுத்தம் கொடுத்தால் போதும். தூய நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் தேவை. நடைமுறையில் அதைவிடவும் அதிகம் வேண்டும். நுண்ணுயிர்க் கலனோ பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தில் இயங்கும். எஞ்சிய ஆற்றலைக் கழிவே தருகிறது. எரிபொருள் கிடைக்கும் அதே வேளையில் நீரும் தூய்மையடைகிறது. நுண்ணுயிர் இல்லாமல், நிக்கல் வினையூக்கியின் துணையால் சிறுநீரில் உள்ள யூரியாவைப் பிரித்து ஹைட்ரஜன் பெறும் முறையையும் அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். அதற்குக் கோட்பாட்டளவில் 0.37 வோல்ட் போதும். சூரிய ஒளியிலிருந்தோ காற்றிலிருந்தோ பெற்ற மின்சாரத்தைப் பயன்படுத்தினால், கிடைக்கும் ஹைட்ரஜன் புதுப்பிக்கத்தக்க எரிபொருளாகிறது.

இம்முறைகளில் தடைகளும் உள்ளன. நுண்ணுயிர்கள் மெதுவாகவே வேலை செய்யும். நல்ல மின்வாய்களுக்குச் செலவு அதிகம். மீத்தேன் உண்டாக்கும் வேறுவகை நுண்ணுயிர்கள் கலனுக்குள் பெருகி, விளைந்த ஹைட்ரஜனை உண்டுவிடுவதும் உண்டு. ஆய்வுக்கூடக் குடுவையில் வெற்றி பெற்ற கலன், பெரிய தொட்டியில் அதே பலனைத் தருவதில்லை. இதனால் ஒரு நகரின் கழிவுநீர் முழுவதையும் இவ்வாறு எரிபொருளாக்கும் நிலை இன்னும் வரவில்லை.

எனினும் கழிவுநீரை வளமாகக் காணும் பார்வை நம் வட்டாரத்திலும் வேரூன்றிவிட்டது. ஒரு காலத்தில் தேம்ஸைப் போலவே நாறிய சிங்கப்பூர் ஆறு, 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டத்தால் தூய்மை பெற்றது. 2003ஆம் ஆண்டு முதல், பயன்படுத்தப்பட்ட நீர் பல படிகளில் சுத்திகரிக்கப்பட்டு நியூவாட்டர் என்னும் பெயரில் மீண்டும் பயன்பாட்டுக்கு வருகிறது. சுத்திகரிப்பில் எஞ்சும் கசடிலிருந்து எழும் வாயு, மின்சாரம் ஆக்கப் பயன்படுகிறது. சேற்றைக் கிளறி வோல்டா கண்ட வாயுவே அதில் பெரும்பகுதி.

நேர்மையின் அளவுகோல்

கழிவுநீரிலிருந்து எரிபொருள் என்றதும் மக்கள் வியப்படைவர். முதலீட்டாளர் ஆர்வம் கொள்வர். அப்போது மிகைப்படுத்திப் பேசும் ஆசை எவருக்கும் எழலாம். அந்த ஆசைக்கு அணை போட ஃபாரடேயின் விதி துணை செய்கிறது. கலனில் எவ்வளவு மின்சாரம் பாய்ந்தது என்பதை அளந்தால், எவ்வளவு ஹைட்ரஜன் வந்திருக்க வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். உண்மையில் வந்ததை அதனுடன் ஒப்பிட்டால், எவ்வளவு மின்சாரம் எரிபொருளானது, எவ்வளவு வீணானது என்பது வெளிப்பட்டுவிடும். இந்த விகிதத்திற்கு அறிவியலாளர்கள் ஃபாரடே திறன் என்று பெயரிட்டுள்ளனர்.

தொட்டி நீரில் எழுந்த குமிழைக் கண்டு அவசரப்பட்டோமோ என்று ஐயுற்றதும், கலன்களில் வாயுவை அளந்ததும், ஆற்றில் அட்டைத் துண்டுகளைப் போட்டுப் பார்த்ததும் ஒரே பண்பின் வெளிப்பாடுகள். எல்லாரும் அறிந்ததாக எண்ணும் ஒன்றையும் அவர் சோதித்துப் பார்த்தார்; கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொன்னார். சொன்னதை நாடு கேட்க மூன்று ஆண்டுகள் ஆயின. ஆயினும் அவர் சொன்னது பொய்க்கவில்லை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு கொல்லரின் மகன் உலகுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் இந்தப் பண்பே. கழிவுநீர் நாளை நம் விளக்குகளை ஏற்றுமா என்பதை முடிவு செய்யும் கணக்கேட்டிலும் அவர் பெயர் இடம்பெற்றே தீரும்.